முதுகைக் காட்டிய நானூற்றுப் பதினேழு

எனக்கு வேலையிடத்தில் வைத்திருக்கும் பெயர் சட்டாம்பிள்ளை. முகத்துக்கு நேராக யாரும் கூப்பிட மாட்டார்கள். நான் அந்தப் பக்கம் போனதும் கூப்பிடுவார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்தப் பெயர் ஒரு ஹேர்பின்னால் வந்தது. ஒரு தூசிகூட நுழையக் கூடாத கிளீன் ரூமுக்குள் ஒரு பெண் தொப்பிக்கு அடியில் ஹேர்பின்னோடு வந்துவிட்டாள். நான் புகார் எழுதிக் கொடுத்தேன். அவள் மூன்று பக்கம் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். அந்தப் பின் கழன்று உள்ளே விழுந்திருந்தால், ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறிப் போய் எடுத்துவிட்டு வர அவளுடைய சித்தப்பாவா இருக்கிறார்?

நாங்கள் செய்வது இணையத்துக்கான செயற்கைக்கோள்கள். ஒன்றிரண்டு அல்ல, ஆயிரத்துக்கு மேல் வேண்டும். கேபிள் போக முடியாத கடலுக்கும் மலைக்கும் மேலே அவை வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று தலைக்கு மேல் வந்து நாலு நிமிடம் இணைப்பைத் தாங்கும். பிறகு பின்னால் வருகிறவனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடும். வெளியே சொன்னால் வாயைப் பிளப்பார்கள். உள்ளே வந்து பார்த்தால் பன்னிரண்டு பேர், வெள்ளை அங்கி, ஸ்க்ரூ, வயர், இடுப்பு வலி. வாரத்துக்கு மூன்று முடிக்க வேண்டும். வயர் கோப்பது என் வேலை. மூன்று வருடத்தில் நானூற்றுப் பதினாறு என் கை வழியாகப் போயிருந்தன. பெட்டியில் ஏற்றும்போது ஒவ்வொன்றையும் கையுறையோடு ஒரு தட்டு தட்டுவேன். ‘போயிட்டு வா’ என்று சொல்ல வாய் வராது, அது வரப்போவதில்லையே. ‘பத்திரமா இரு’ என்று மட்டும் மனதுக்குள் சொல்வேன்.

என் நாத்தனாரும் அங்கேதான் வேலை. அவளை எல்லோரும் டார்ச் என்று கூப்பிடுவார்கள். நான் வயரைச் செருகி முடித்ததும் அவள் ஒரு பெரிய விளக்கைப் பிடித்துக்கொண்டு வருவாள். சாட்டிலைட்டின் இரண்டு பக்கமும் சூரியனைப் பார்ப்பதற்கு என்று கண் மாதிரி ஒவ்வொரு வில்லை இருக்கும். வலது கண்ணில் விளக்கடித்தால் திரையில் வலது எண் ஏற வேண்டும், இடதில் அடித்தால் இடது. மேலே போனதும் எந்தக் கண்ணில் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் திரும்பி, அது சூரியனைப் பார்த்து நிற்கும். நின்றால்தான் அதற்குச் சாப்பாடு.

டார்ச்சுக்கும் எனக்கும் ஒரு நாள் சண்டை இல்லாமல் விடிந்ததில்லை. என் சீப்பை எடுத்துக்கொண்டு தரமாட்டாள், என் கதவை இடித்துக்கொண்டுதான் திறப்பாள், என் வீட்டுக்காரரிடம் என்னைப் பற்றிக் கோள் சொல்லிவிட்டு என்னிடமே வந்து சொன்னதைச் சொல்லிச் சிரிப்பாள். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. இதை இதுவரை அவளிடம் சொன்னதில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

அவள் வீட்டுக்காரர் கப்பலில் என்ஜின் பார்க்கிறவர். அவள் மூன்று மாதக் கர்ப்பமாக இருக்கும்போது கடலுக்குப் போனவர். கப்பலில் வாரத்துக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் பேசலாம், அதுவும் குரல் மட்டும். அந்த இரண்டு நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் ‘ஹலோ, கேக்குதா’வில் போய்விடும்.

எட்டாவது மாதம், லீவு போடுவதற்கு இரண்டு நாள் முன்பு, டார்ச் என் பக்கத்தில் வந்து குசுகுசுத்தாள்.

“அண்ணி, நாளைக்கு எனக்குக் கடைசி நாள். நம்ம பசங்களோட, ஒரு சாட்டிலைட்டோட, ஒரே ஒரு போட்டோ.”

“கிளீன் ரூமுக்குள்ள செல்போனா? உனக்குக் கொழுப்பா?”

“அவருக்குக் காட்டணும் அண்ணி. வயிறு இவ்ளோ பெருசா இருந்துச்சுன்னு நான் வாயால சொன்னா நம்புவாரா?”

மாட்டவே மாட்டேன் என்றேன். மறுநாள் நானே போனைக் கொண்டுபோனேன். என் அங்கிக்குள், பிளாஸ்டிக் உறையில், மூன்று முறை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து. திருடப் போகும்போதுகூடச் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டுப் போகிற ஜாதி நான்.

அன்று மேடையில் இருந்தது நானூற்றுப் பதினேழு. அதன் முகம், அதாவது எண் எழுதியிருக்கும் வெள்ளைப் பக்கம், எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். போட்டோவில் முகம் விழவேண்டும் என்று டார்ச் அடம்பிடித்தாள். மேடை சுழலக்கூடியது. நாலு பேர் சேர்ந்து அரைச்சுற்றுத் திருப்பினோம். டார்ச் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றாள். நான் போனை எதிர் மேசையில் சாய்த்து, டைமர் வைத்துவிட்டு ஓடிவந்து சேர்ந்துகொண்டேன். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரியும், ஆனாலும் எல்லோரும் பல்லைக் காட்டிச் சிரித்தோம். எடுத்து முடித்ததும் மேற்பார்வையாளர் வருகிற சத்தம் கேட்டது. அவரவர் இடத்துக்கு ஓடினோம்.

மேற்பார்வையாளருக்குப் பெயர் நிதானம். எதற்கெடுத்தாலும் ‘நிதானம், நிதானம்’ என்று சொல்லிக்கொண்டு அவர்தான் அங்குமிங்கும் ஓடுவார். அன்றும் வந்தார், சொன்னார், ஓடினார். நான் வயரைச் செருகினேன். டார்ச் தன் கடைசி விளக்கை அடித்தாள். திரையில் எண்கள் ஒழுங்காக ஏறின. நான் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் அவளுக்குப் பூங்கொத்து கொடுத்தோம். அழுதாள், நானும் கொஞ்சம் அழுதேன், தூசி என்று சொல்லிக்கொண்டேன். கிளீன் ரூமில் ஏது தூசி?

ஐந்து வாரம் கழித்து, நானூற்றுப் பதினேழோடு சேர்த்துப் பதினெட்டு சாட்டிலைட்டும் ஒரே ராக்கெட்டில் மேலே போயின. பதினெட்டும் சேர்ந்தால் ஒரு வளையம். டார்ச் வீட்டுக்காரரின் கப்பல் இருக்கும் கடலுக்கு மேலே போகிற வளையம் அதுதான். கடைசித் துறைமுகத்திலேயே கப்பலில் தட்டு மாதிரி ஆண்டெனாவைப் பொருத்திவிட்டார்கள். மேலே வளையம் முழுசாக வேண்டியதுதான் பாக்கி. பிள்ளை பிறக்க இன்னும் மூன்று வாரம். முகத்தைப் பார்த்துவிடலாம் என்று அவர் அந்த இரண்டு நிமிடத்தில் சொல்லிச் சொல்லி டார்ச்சையே பைத்தியமாக்கியிருந்தார்.

என் வீட்டுக்காரர் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறார். திங்கட்கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

“பதினேழு நல்லா இருக்கு. ஒன்னு மட்டும் சொன்ன பேச்சு கேக்கல.”

“எது?”

“நானூத்திப் பதினேழு. சூரியனைப் பாருன்னா முதுகைக் காட்டுது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எப்படியோ கொஞ்சம் வெளிச்சம் பட்டு நாற்பது வினாடி கண்ணைத் திறக்குது. ‘பசிக்குது’ங்குது. திரும்ப மயக்கம்.”

“போட்டோவுல என் வயித்தோட நின்ன பிள்ளையா?” என்று டார்ச் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

மோட்டார் கோளாறு என்று ஒரு கூட்டம் சொன்னது, சூரிய மின்பலகை விரியவில்லை என்று இன்னொரு கூட்டம். காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. என் கையெழுத்து இருக்கிற காகிதத்தில் தவறு இருக்காது என்று நிதானம் கூட்டத்தில் சொன்னாராம். வெள்ளிக்கிழமை காலை வரை பார்ப்பது. அதற்கு மேல் பேட்டரி தாங்காது. அது கண்ணைத் திறக்கிற நாற்பது வினாடிக்குள் கடைசிக் கட்டளையை அனுப்பிவிடுவது. எரிபொருளைக் கொட்டிவிட்டுச் செத்துக் கிட, தானாக விழுந்து எரிந்து போ என்று. அதற்குப் பதில் இன்னொன்று போக ஐந்து மாதம். வளையத்தில் ஓட்டையோடு சேவையைத் திறக்க மாட்டார்கள்.

“அந்தக் கட்டளையை அனுப்பப் போறது யாரு?” என்று கேட்டேன்.

“என் ஷிப்ட்தான்” என்றார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. மத்தியானம் டார்ச் படுத்துக்கொண்டு அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நான் கண்ணை மூடியிருக்கிறேன் என்று கேலி செய்தாள். பிடுங்கிப் பார்த்தேன். கண்ணை மூடித்தான் இருந்தேன். ஆனால் என் கவனம் அதில் நிற்கவில்லை.

போட்டோவில் 417 என்ற எண் தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் இன்னும் செருகாத வயர்கள் தொங்கின. ஒரு பக்கத்தில் ஜன்னல். எண்ணைப் பார்த்து நின்றால் அந்த ஜன்னல் இருக்க வேண்டியது மறுபக்கம்.

திருப்பினோம், எடுத்தோம், ஓடினோம். திரும்ப யாருமே பழைய பக்கத்துக்கு வைக்கவில்லை. மற்ற வயர் எல்லாம் ஆளுக்கொரு வடிவம், மாற்றிச் செருகவே முடியாது. சூரியக் கண்களின் இந்த இரண்டு வயர் மட்டும் இரட்டைப் பிள்ளைகள். ஜன்னல் பக்கத்து வயரை மேல் துளையில், கதவுப் பக்கத்து வயரைக் கீழ்த் துளையில். நானூற்றுப் பதினாறு முறை என் கை அப்படித்தான் போயிருக்கிறது. அன்றும் அப்படியே போய்விட்டது. வலது கண்ணின் வயர் இடதுக்குப் போனது, இடதின் வயர் வலதுக்கு. டார்ச்சும் எப்போதும் போல ஜன்னல் பக்கம் நின்றுதான் முதல் விளக்கை அடித்திருக்கிறாள். என் தப்பை அவள் தப்பு மூடிவிட்டது. திரை ‘சரி’ என்று சொல்லிவிட்டது. மேலே அந்தப் பிள்ளை இடதில் விழுகிற வெளிச்சத்தை வலதில் என்று நினைத்து, சூரியனுக்கு எதிர்ப்பக்கமே திரும்பிக்கொண்டிருக்கிறது, மூன்று நாளாக.

வயரின் கழுத்தில் எள்ளளவு எழுத்தில் ‘வ’, ‘இ’ என்று ஒட்டியிருக்கும். அதைப் படித்த பிறகுதான் செருக வேண்டும். ‘படித்தேன்’ என்று ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டிருக்கிறேன், படிக்காமல். ஹேர்பின்னுக்கு எழுதிக் கொடுத்த நான்.

டார்ச்சிடம் சொன்னேன்.

“சொல்லாதீங்க அண்ணி” என்றாள். “போன் கொண்டுபோனது, படிக்காம கையெழுத்துப் போட்டது, ரெண்டுக்கும் சேர்த்து நீங்க உள்ள போற பாஸைப் பிடுங்கிடுவாங்க. உங்களுக்கு அந்த ரூமை விட்டா என்ன இருக்கு?”

“உன் வீட்டுக்காரர் பிள்ளையைப் பாக்க வேணாமா?”

“அஞ்சு மாசம் கழிச்சுப் பாக்கட்டும். பிள்ளை எங்கயும் ஓடிடாது.”

இவள் இப்படித்தான். சீப்பைத் தரமாட்டாள், இதையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடுவாள்.

நான் பொய் சொல்ல விரும்பவில்லை. சும்மா இருந்துவிடலாமா என்றுதான் ஒரு மணி நேரம் யோசித்தேன். காகிதம் என் பக்கம். சாட்சி அந்தப் போட்டோ மட்டும்தான், அதை அழிக்க ஒரு விரல் போதும். கிளீன் ரூம் கதவுக்கு வெளியே நிற்கிற என்னை நினைத்துப் பார்த்தேன். பிறகு அந்த நாற்பது வினாடி நினைவுக்கு வந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை கண்ணைத் திறந்து ‘பசிக்குது’ என்கிறது. அது ஒரு தப்பும் செய்யவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்கிறது. டார்ச் கண்ணயர்ந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நிதானம் தன் அறையில் இருந்தார்.

“சார், நானூத்திப் பதினேழுல சூரியக் கண்ணோட ரெண்டு வயர் மாறியிருக்கு. மாத்திச் சொருகினது நான்.”

போனில் போட்டோவைத் திறந்து மேசையில் வைத்தேன். ஜன்னலைக் காட்டினேன். அவர் போனைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“இது கிளீன் ரூமுக்குள்ள எடுத்ததா?”

“ஆமா சார்.”

“எடுத்தது யாரு?”

“நான்தான் சார்.”

“நீங்களா?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ‘நீங்களா’தான் என்னை உடைத்துவிட்டது.

அதற்குள் கதவு இடிபட்டுத் திறந்தது. யார் என்று திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை. டார்ச் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றாள், காலில் என் வீட்டுச் செருப்பு.

“போட்டோ கேட்டது நான் சார். திருப்பச் சொன்னதும் நான்தான்.”

“நீ சும்மா இரு. இவ லீவுல இருக்கா சார், இவ பேச்சைக் கணக்குல எடுக்காதீங்க.”

“லீவுல இருந்தா வாயும் லீவா? விளக்கடிச்சது நான்தான் சார். எந்தக் கண்ணுன்னு பாக்காம அடிச்சேன்.”

“அவ எப்பவும் நிக்கிற இடத்துலதான் நின்னா. அவ மேல தப்பில்ல.”

“இருக்கு!”

“இல்லன்றேன்ல?”

“ஐயோ, நிறுத்துங்க ரெண்டு பேரும்” என்று நிதானம் எழுந்துவிட்டார். “குடும்பமா தப்பு பண்ணிட்டு, இப்ப அதைப் பங்கு பிரிக்கிறதுக்கு என் ரூம்தான் கிடைச்சுதா? மொதல்ல அந்தம்மாவ உக்கார வைங்க.” அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு போனைத் தூக்கிக்கொண்டு கட்டுப்பாட்டு அறையை நோக்கி ஓடினார். ‘நிதானம்’ என்று சொல்லக்கூட மறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“என்கிட்ட ஏன் மொதல்ல சொல்லல?”

“சொல்லியிருந்தா நீங்க என்னைக் காப்பாத்தப் பாத்திருப்பீங்க.”

யோசித்தார். “பாத்திருப்பேன்” என்று ஒத்துக்கொண்டார். அந்த மனுஷனை எனக்குப் பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

வியாழன் முழுக்கப் புதுக் கட்டளையை எழுதி, தரையில் இருக்கும் இன்னொரு சாட்டிலைட்டில் போட்டுச் சோதித்தார்கள். வயரை அங்கே போய் மாற்ற முடியாது. ஆனால் ‘இனிமேல் வலது என்று வருவதை இடது என்று எடுத்துக்கொள்’ என்று அதற்குச் சொல்லலாம். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அது கண்ணைத் திறக்கும்போது அனுப்பினார்கள். நான் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றேன். உள்ளே என் வீட்டுக்காரரின் பின்மண்டை மட்டும் தெரிந்தது. நாற்பது வினாடி முடிந்து அது மறைந்துவிட்டது. கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று தெரிய இன்னொரு சுற்று வர வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரமும் நான் அந்தக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. யாரோ தேநீர் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். நிமிர்ந்து பார்த்தேன், ஹேர்பின் பெண்.

பதினொன்று ஐந்துக்கு அது வந்தது. நாற்பது வினாடி ஆயிற்று. ஐம்பது. ஒரு நிமிடம். மறையவில்லை. உள்ளே யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். என் வீட்டுக்காரர் திரும்பி, கண்ணாடி வழியாக ஒன்பது விரலைக் காட்டினார். பேட்டரி ஒன்பது சதவீதம். கொஞ்ச நேரத்தில் பத்து. அது சூரியனைப் பார்த்துத் திரும்பி நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். இந்த முறை தூசி என்று சொல்லவில்லை.

என் பாஸைத் திங்கட்கிழமை வாங்கிக்கொண்டார்கள். டார்ச்சுக்கு எச்சரிக்கைக் கடிதம், மற்றவர்களுக்கும் ஆளுக்கொன்று. எனக்கு இனி வயர் வேலை கிடையாது. பேக்கிங் கொட்டகையில் பெட்டிக்குப் பட்டை கட்டுகிறேன். சாட்டிலைட் என்னிடம் வரும்போது மூடி ஆணி அடித்துத்தான் வருகிறது. நியாயம்தான். நானாக இருந்தாலும் அதையேதான் எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனாலும் கை அரிக்கிறது. பெட்டியின் மேலே தட்டினால் மரச் சத்தம்தான் கேட்கிறது.

நானூற்றுப் பதினேழு மெதுவாக ஏறித் தன் இடத்தில் போய் நின்றது. பிள்ளை இரண்டு நாள் முந்திக்கொண்டு பிறந்தது, பெண். நாலாவது நாள் அந்த வளையத்தைத் திறந்தார்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி, ஏதோ பால் வாங்கச் சொல்வது போலச் சொன்னார்.

“இன்னைக்குக் கப்பலுக்கு மேல பதினொன்னு பன்னெண்டுல இருந்து பதினொன்னு பதினாறு வரைக்கும் உன்னோட நானூத்திப் பதினேழுதான்.”

பதினொன்று ஐந்துக்கு அழைப்பு வந்தது. போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்தேன். முதலில் ஒரு கலங்கல், பிறகு ஒரு தாடிக்கார முகம். டார்ச் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். அவர் ‘ஹலோ, கேக்குதா’ என்றுகூடச் சொல்லவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் என்ஜின் அறைச் சுவரில் எண்ணெய்க் கறைகூடத் தெரிந்தது.

“கையைக் காட்டு” என்றார் கடைசியில். “விரல் எல்லாம் இருக்கா?”

“எண்ணிக்கோங்க” என்று டார்ச் போர்வையை விலக்கினாள்.

“ஒன்னு... ரெண்டு...”

பதினொன்று பன்னிரண்டு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“மூணு... நாலு...”

படம் அசையவில்லை. அவர் எண்ணிக்கொண்டே போனார். பத்து முடிந்ததும் கால் விரல் கேட்டார். நடுவில் பிள்ளை ஒரு கொட்டாவி விட்டது. அவர் எண்ணிக்கை விட்டுப்போய், சிரித்து, அழுது, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். அப்போது போர்வைக்கு அடியில் டார்ச்சின் கை வந்து என் கையைப் பிடித்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவர் ஏழாவது கால் விரலுக்கு வந்தபோது மணி பதினொன்று பதினாறு. பின்னால் வந்த அடுத்த சாட்டிலைட் இணைப்பை வாங்கிக்கொண்டது. “எட்டு” என்றார் அவர்.

டார்ச் என் கையை மெல்ல விட்டாள்.